நடுவில ஆட்டம், திருப்பினா பாரம்: பழைய காரின்ர ஸ்டியரிங் பொக்ஸுக்குள்ள என்ன நடக்குது?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்பாவின்ர ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ். நேரா போகேக்க ஸ்டியரிங் வீல ரெண்டு விரல் அகலத்துக்கு ஆட்டினாலும் சில்லு அசையாதாம். கராஜில காட்ட, பொக்ஸுக்கு மேல இருக்கிற ஸ்க்ரூவ இறுக்கிக் குடுத்திட்டினம். இப்ப ஆட்டம் இல்ல, ஆனா திருப்பினா தோள் நோகுது, காலி வீதியில இருந்து உள்ள ஒழுங்கைக்குத் திரும்பிட்டு கைய விட்டா வீல் பழைய இடத்துக்கு வரவே மாட்டன் எண்டு நிக்குது. "முந்தி இருந்தது நல்லமா இப்ப இருக்கிறது நல்லமா அண்ணா?"

ரெண்டும் நல்லமில்ல தம்பி, ஆனா முந்தி இருந்தது எரிச்சல், இப்ப இருக்கிறது ஆபத்து.

இந்தக் கேள்வி இப்ப கனபேரிட்ட இருந்து வருது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி, தனியார் காருக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்துவிட்டவை, அந்த இடைவெளியில தாத்தா காலத்துக் காரெல்லாம் கராஜுக்குள்ள இருந்து தூசி தட்டி வெளியில வந்திட்டு. வரட்டும், எனக்குச் சந்தோசம்தான்.

அடிப்படை எல்லாருக்கும் தெரியும், ஓடிப் போயிடுறன். வீல் ஒரு தண்ட சுத்தும், தண்டு பொக்ஸுக்குள்ள போகும், பொக்ஸில இருந்து ஒரு கை வெளியில வந்து கம்பிகளத் தள்ளும், கம்பி சில்லத் திருப்பும். மொறிஸ் மைனர் வச்சிருக்கிற ஆக்களுக்கு இந்தப் பொக்ஸே இல்ல, அதில ரக் அண்ட் பினியன், அதாவது சின்னப் பற்சில்லு ஒண்டு பல்லு வெட்டின சட்டத்த இடம் வலமாத் தள்ளுற முறை, நீங்கள் கிறீஸ் கதை வரைக்கும் கொஞ்சம் பொறுங்கோ.

இனி பொக்ஸுக்குள்ள போவம், எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். தண்டின்ர அடியில திருகாணி மாதிரி சுத்திச் சுத்திப் போற ஒரு தவாளிப்பு வெட்டியிருக்கும். அதுக்குள்ள கூம்பு வடிவ முளை ஒண்டு குந்தியிருக்கும். தண்டு சுத்த முளை தவாளிப்பில நகரும், முளையோட சேர்ந்த கை ஆடும். மேல இருக்கிற ஸ்க்ரூ செய்யிற வேலை, முளைய இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளுறது. கூம்பெண்டதால உள்ள போகப்போக இடைவெளி குறையும், ஆட்டமும் குறையும்.

இதுவரைக்கும் சாதாரணம். கெட்டித்தனம் என்னெண்டா, அந்தத் தவாளிப்ப முழுக்க ஒரே மாதிரி வெட்டுறேல்ல. கார் நேரா போற நிலைக்குரிய நடுப்பகுதிய ஒரு நூலளவு நெருக்கமா வெட்டிட்டு, ரெண்டு பக்கமும் போகப்போகத் தளர்த்தி விடுவினம். ஏன் எண்டா எந்தக் காரும் வாழ்நாளில பெரும்பகுதி நேராத்தான் ஓடும், வவுனியா தாண்டி ஏ9 இல போறத நினைச்சுப் பாருங்கோ, மணிக்கணக்கா முளை ஒரே இடத்திலதான் உரசும், அதால நடுத்தான் முதல் தேயும். அது தேயும் எண்டு முன்கூட்டியே தெரிஞ்சு அங்க மட்டும் உலோகத்தக் கூட வச்சிருக்கினம், தேயத் தேய ஸ்க்ரூவ இறுக்கலாம், ஓரத்தில தளர்வு இருக்கிறதால அங்க பிடிக்காது. வொக்ஸ்வாகன் பீட்டிலில முளைக்குப் பதிலா உருளை, பழைய பென்ஸில குண்டுகள் ஓடுற பொக்ஸ், ஆனா நடுவ நெருக்கி ஓரத்த விடுற தந்திரம் அதுகளிலயும் இருக்கு. கம்பியூட்டர் இல்லாத காலத்தில, எது எங்க தேயுமெண்டு யோசிச்சு அந்தத் தேய்மானத்துக்கே இடம் விட்டு வரைஞ்ச ஆக்கள நினைக்கேக்க எனக்கு உண்மையா மயிர் கூச்செறியும்.

ஆனா வச்ச உலோகத்துக்கும் ஒரு முடிவு இருக்கு. அது தேஞ்சு முடிஞ்சா நடு ஓரத்த விடத் தளர்வாயிடும். அப்ப நடு ஆட்டம் போகுமட்டும் இறுக்கினா, திருப்பேக்க முளை ஓரத்தில போய் நெரியும். தம்பியின்ர காரில பெரும்பாலும் நடந்தது இதுதான்.

சரி, வீல் ஏன் தானா திரும்பி வரேல்ல? சில்லு திரும்புற அச்சு கொஞ்சம் பின்னுக்குச் சாய்ஞ்சு நிக்கும், அந்தக் கோட்ட நிலம் வரைக்கும் நீட்டினா டயர் நிலத்தத் தொடுற இடத்துக்கு முன்னால போய் முட்டும். அதால டயர் அச்சுக்குப் பின்னால இழுபட்டு வருது, இழுபடுற சாமான் தானா நேராகும். அந்த விசை கம்பி வழியா பொக்ஸுக்கு வந்து முளையத் தள்ள, முளை தவாளிப்பத் தள்ளித் தண்டச் சுத்தோணும், அதாவது எல்லாம் தலைகீழா வேலை செய்யோணும். திருகு ஜக்கால கார உயர்த்திட்டு கைய விட்டா கார் தானா இறங்கி வருமா? வராது, திருகின்ர சரிவு குறைவு, உராய்வு அதப் பிடிச்சு வச்சிருக்கும். ஸ்டியரிங் தவாளிப்பின்ர சரிவு அந்த எல்லையத் தாண்டி, ரோட்டு விசை திரும்பி வரக்கூடிய அளவில இருக்கும், அதே நேரம் கைக்கும் பாரமில்லாத அளவு. அளவுக்கு மேல இறுக்கினா உராய்வு ஏறி உங்கட பொக்ஸும் ஜக்காகிடும்.

அதால ஸ்க்ரூ கடைசி வேலை. முதல் ஒராள் உள்ள இருந்து வீல மெல்ல இடம் வலமா ஆட்டோணும், இன்னொராள் கீழ பார்க்கோணும். அசைவு ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வராத மூட்டு எதுவோ அதுதான் கள்ளன். கம்பி நுனியில இருக்கிற டை ரொட் மூட்டா, மற்றப் பக்கத்தில கம்பியத் தாங்குற ஐட்லர் கையா, பொக்ஸ் சேசிஸோட பூட்டின போல்டே தளர்வா, எதுவெண்டாலும் இருக்கலாம். ஆட்டமே இருக்கக் கூடாதெண்டும் இல்ல. இங்கிலாந்து வாகனப் பரிசோதனையில 380 மி.மீ. விட்டமுள்ள வீலுக்கு ரக் எண்டா 13 மி.மீ., இப்பிடிப் பொக்ஸ் உள்ளதெண்டா 75 மி.மீ. வரைக்கும் விடுவினம்.

பாரத்தப் பிரிச்சறிய முதல் டயர்க் காத்தப் பாருங்கோ, பாதிப்பேருக்கு அதோட முடிஞ்சிடும். இல்லாட்டி முன்பக்கத்த உயர்த்தி ஸ்டாண்டில வச்சிட்டு பொக்ஸின்ர கையில இருந்து கம்பியக் கழட்டுங்கோ. வீல் பாரமெண்டா பிழை பொக்ஸில அல்லது தண்டில, சில்லு பாரமெண்டா கிங்பின்னில, அதுதான் சில்லு திரும்புற அச்சு. கிங்பின்னுக்குக் கிறீஸ் அடிக்கேக்கயும் சில்லு அந்தரத்தில நிக்கோணும், நிலத்தில நிண்டா காரின்ர பாரம் உள்ள இருக்கிற முகங்கள அமத்திப் பிடிச்சிடும், கிறீஸ் தேவையான இடத்துக்குப் போகாது. மொறிஸ் மைனர்க்காரருக்கு இது சும்மா விசயமில்ல. உங்கட முன்சில்லுக் கால் திருகு மரையிலதான் தொங்குது, கிறீஸ் காஞ்சு மரை தேஞ்சா ஒருநாள் கழண்டு சில்லு மடிஞ்சு படுத்திடும். பொக்ஸுக்குள்ள மட்டும் கிறீஸ் அடைக்காதேங்கோ. ஓயில் ஒழுகுது எண்டு கட்டிக் கிறீஸ் திணிக்கிற ஆக்கள் இருக்கினம், அது ஓரத்துக்கு ஒதுங்கி நிண்டிடும், முளை காஞ்சு ஓடும். பொக்ஸுக்கு 90 ஆம் நம்பர் கியர் ஓயில்தான் விடோணும், ஒழுகினா ஓயில் சீல் எண்ட அடைப்பு வளையத்த மாத்துங்கோ.

சில்லுக்குக் கீழ தேசிக்காய் வச்சு நசிக்கிறதில எனக்கு ஒரு கோபமும் இல்ல, அம்மாவுக்கு நிம்மதி எண்டா வைக்கட்டும். அதே ஆள் கிறீஸ் அடிக்கிற வாயான நிப்பிள் எங்க இருக்கெண்டே தெரியாமல் "காருக்குக் கண்ணூறு பட்டிட்டு" எண்டு சொல்லேக்கதான் கடுப்பு வருது. 1966 இல பீட்டர் ஜோஸ்ட் எண்டவர் பிரித்தானிய அரசுக்குக் குடுத்த அறிக்கையில, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காக் கவனிச்சா வருசத்துக்கு 515 மில்லியன் பவுண்ஸ் மிச்சம் பிடிக்கலாமெண்டு கணக்குக் காட்டினவர். நாங்கள் ஆராய்ச்சிக்கு ஒதுக்கிற காசு தேசிய உற்பத்தியில அரை சதவீதத்தக் கூடத் தொடாது. டொலர் இல்லாமல் லைனில நிண்ட நாடு, இருக்கிற மெசினத் தேயாமல் வச்சிருக்கிறதப் பற்றிப் படிக்கிற பிள்ளையளுக்குக் காசு குடுக்காமல் வேற எதுக்குக் குடுக்கப் போகுதோ தெரியேல்ல.

தம்பி, இப்ப செய்ய வேண்டியது, அந்த ஸ்க்ரூவத் திருப்பித் தளர்த்துறது. கம்பியக் கழட்டின நிலையில ஒரு ஓரத்தில இருந்து மற்ற ஓரம் வரைக்கும் சுத்து எண்ணி, சரி நடுவுக்குக் கொண்டுவந்து, நடுவத் தாண்டேக்க மட்டும் கைக்கு இலேசா ஒரு பிடிப்புத் தெரியிற அளவுக்கு இறுக்கி நட்டப் பூட்டச் சொல்லுங்கோ. அந்தப் பிடிப்பு நடுவில வர முதல் ஓரத்தில வந்தா பொக்ஸ் முடிஞ்சுது, பழைய கார்ச் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குத்தான் போகோணும். அங்க பழைய பொக்ஸ் எடுக்கேக்க, பளபளப்பாப் பெயின்ட் அடிச்சதப் பார்த்து ஏமாறாமல், காசு குடுக்க முதல் தண்டக் கையால ரெண்டு ஓரமும் சுத்திப் பாருங்கோ. நடுவில லூசாகி ஓரத்தில இறுகினா அங்கேயே வச்சிட்டு அடுத்த கடைக்குப் போங்கோ.