மழை தின்னும் கப்பல்

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே இருக்கிறது வைட் தீவு. அந்தத் தீவைக் கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்துகொண்டு வடக்கே போய்க் கடலில் சேரும் ஆறு மெடினா. அதன் கரையோரச் சேற்றில் ‘ரைட்’ என்ற பழைய பயணிகள் கப்பல் பல பத்தாண்டுகளாக மக்கி வருகிறது.

1937ல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி கம்பெனி கட்டிய நீராவிக் கப்பல் அது. இரண்டு விலாவிலும் பெரிய துடுப்புச் சக்கரம் சுழலும். போர்ட்ஸ்மவுத்துக்கும் தீவுக்கும் இடையே ஆள் ஏற்றி இறக்குவதுதான் வேலை. உலகப்போர் வந்ததும் கடலில் கண்ணிவெடி அகற்றப் போனது. 1944ல் நார்மண்டித் தரையிறக்கத்திலும் இருந்தது. 1969ல் ஓய்வு கொடுத்தார்கள். ஆற்றங்கரைக்கு இழுத்து வந்து நடன விடுதி ஆக்கினார்கள். 1977ல் தீப்பிடித்தது, பழுது பார்த்தார்கள். அப்புறம் அதுவும் ஓய்ந்தது. 2006ல் புகைபோக்கி சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில், கப்பலை ஓட்டும் மேல்மேடையும் இடிந்து விழுந்தது.

விழுந்த வரிசையைப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் தொடவே தொடாத பாகங்கள்தான் முதலில் போயிருக்கின்றன.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, ஆக்ஸிஜனும் வேண்டும். இரும்பு அணு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. விட்ட எலெக்ட்ரான்களை இன்னோர் இடத்தில் ஆக்ஸிஜன் வாங்கிக்கொள்கிறது. அதாவது ஒரே தகட்டுக்குள் ஒரு குட்டி பேட்டரி ஓடுகிறது. உப்பு இருந்தால் மின்சாரம் நன்றாகக் கடக்கும். உப்பில் உள்ள குளோரைடு, இரும்பின் மேல் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைத்துவிடும். எப்போதும் நீருக்குள் கிடக்கும் உருக்குத் தகடு கடல்நீரில் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் தேயும். நீருக்கு மேலே, அலை தெறித்துத் தெறித்துக் காயும் பகுதியில் தேய்மானம் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. ஈரம், உப்பு, காற்று மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரிவாள்மணையின் அலகில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டுச் சில மணிநேரம் கழித்துப் பாருங்கள் (வீட்டில் திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை). சொட்டின் ஓரத்தில் காற்று அதிகம், ஆகவே ஓரம்தான் அரிக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஆக்ஸிஜன் குறைந்த நடுப்பகுதி கரைகிறது, ஓரத்து இரும்பு தப்பிக்கிறது, இரண்டுக்கும் நடுவே துரு வளையமாகப் படிகிறது. கேம்பிரிட்ஜின் யூலிக் எவன்ஸ் இந்தச் சொட்டை வைத்துத்தான் துருவின் மின்வேதியியலை விளக்கினார். ஆக்ஸிஜன் எலெக்ட்ரானை வாங்கும் இடம் ஒன்று, இரும்பு அதற்கு விலை கொடுக்கும் இடம் வேறு. ஏற்றமும் வற்றமும் உள்ள ஆற்றில் நிற்கும் உருக்குத் தூண்களிலும் இதே கதைதான்: தாழ்ந்த நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அரிப்பு மோசமாக இருக்கும்.

சரி, மெடினாவுக்கு வருவோம். கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பேட்டரியை யாராவது அணைத்துக்கொண்டே இருந்தார்கள். துரு சுரண்டினார்கள், பெயிண்ட் அடித்தார்கள், மேல்தளத்து நீர்வடி ஓட்டைகளைத் தூர்வாரினார்கள். ஆள் நின்றதும் அந்த ஓட்டைகளை இலையும் பறவை எச்சமும் அடைக்கின்றன. மழைநீர் தளத்தில் தேங்குகிறது. தளத்தில் மரப்பலகை, அதன் அடியில் உருக்கு. பலகை இடுக்கில் இறங்கிய ஈரம் வெயில் அடித்தாலும் காயாது. மரத்தைப் பூஞ்சை தின்னும். அடியில் உருக்கைத் துரு தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் தளம் முழுசாகத்தான் தெரியும், கால் வைத்தால் போச்சு. புகைபோக்கியின் உள்ளே படிந்த கரியில் கந்தகம் இருக்கும்; மழை பட்டால் அது நீர்த்த அமிலம். அதுவும் மெல்லிய தகட்டாலான குழாய்.

துருவுக்கு இன்னொரு ஆயுதமும் உண்டு: பருமன். தின்ற இரும்பைவிடத் துரு இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பழைய கப்பல்களில் தகட்டின் மேல் தகடு வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். அந்த இடுக்கில் துரு பிடித்தால் அது ஆப்பு இறக்கியதுபோல் தகடுகளைப் பிரிக்கும், ரிவெட்டின் தலையைத் தெறிக்க வைக்கும். சுவரில் ஆலங்கன்று முளைத்தால் என்ன ஆகுமோ அதேதான்.

கீழே சேற்றுக்குள் கதை வேறு. ஆற்றுச் சேற்றில் சில சென்டிமீட்டருக்குக் கீழே ஆக்ஸிஜன் அநேகமாக இல்லை. அங்கே சல்ஃபேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. அழுகிய முட்டை நாற்றமும், இரும்பின் மேல் கறுப்புப் படிவும் அவற்றின் கைங்கரியம். அவையும் இரும்பை அரிக்கும்தான். ஆனாலும் மேலே நடக்கும் கூத்தோடு ஒப்பிட்டால் அடிப்பாகம் நிதானமாகத்தான் போகிறது.

ஆனால் அந்தச் சேறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. மிதக்கும் கப்பலைத் தண்ணீர் நீளம் முழுக்க ஏந்துகிறது; சேற்றில் உட்கார்ந்த கப்பலுக்கு ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம். முதுகு வளையும், தையல் பிரியும். தகடு மெலிந்த பிறகு அதைத் தூக்கிக் காப்பாற்றலாம் என்று போனால், சேறு இழுத்துப் பிடிக்கும் விசையிலேயே உடைந்துவிடலாம். பழைய கப்பல்களைக் காப்பாற்றுவோர் காலத்தோடு போட்டி போடுவது இதனால்தான். புதுத்தகடு பற்றவைக்கலாம், ஆனால் பற்றவைக்கப் பக்கத்தில் கொஞ்சமாவது பழைய தகடு மிச்சம் இருக்க வேண்டும்.

மேலே இருப்பது போய், கீழே இருப்பது தங்கும் கதை அமெரிக்காவிலும் உண்டு. அங்கே பொட்டோமாக் ஆற்றில் மேலோஸ் பே என்ற வளைகுடா இருக்கிறது. முதல் உலகப்போருக்காக அவசர அவசரமாகக் கட்டிய மரக் கப்பல்கள் அங்கே நூற்றுக்கும் மேல் கிடக்கின்றன. பழைய இரும்புக்காக 1925ல் அவற்றைக் கொத்தாகக் கொளுத்தினார்கள். நீருக்கு மேலே இருந்தது எரிந்தது, கீழே இருந்தது தங்கிவிட்டது. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு வாழ அங்கே உப்பு போதாது என்பதும் அந்த மரங்களுக்கு வாய்ப்பாகப் போனது. அந்தக் கூட்டத்தோடு ஓர் உருக்குக் கப்பலும் சேர்ந்திருக்கிறது: 1928ல் கட்டப்பட்டு, பிற்காலத்தில் ஃபெர்ரியாக ஓடிய ‘அக்கோமாக்’. மேலிருந்து எடுத்த படங்களில் மரக் கப்பல்களின் அடிப்பாகங்கள் நீருக்குள் வரிசையாகத் தெரிகின்றன. சிலவற்றுக்குள் வண்டல் நிரம்பி மரம் வளர்ந்து, கப்பல் வடிவத்திலேயே சின்னச் சின்னத் தீவுகளாக நிற்கின்றன.