ஆப்பரேஷனுக்கு முன் அந்தச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்

குறுவை அறுப்பு முடிந்த கையோடு குடலிறக்க ஆப்பரேஷனுக்கு வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு வயலில் நிற்பார்கள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அப்படித்தான் ஓர் இளைஞர் வந்தார். சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்பதால் முழு மயக்கம் கொடுப்பதாகத் திட்டம். “வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா?” என்று கேட்டேன். “இல்லைங்க” என்றார்.

அவர் வெளியே போனதும் அம்மா மட்டும் திரும்பி வந்தார். “டாக்டரம்மா, இந்த நேரத்துல சொல்லக்கூடாதுன்னுதான் வாயைத் திறக்கல. இவனோட சித்தப்பா ஆப்பரேஷன் டேபிள்லயே போயிட்டாரு. உடம்பு அடுப்பா கொதிச்சிச்சாம், கை கால் கட்டையாட்டம் விறைச்சுப்போச்சாம்.”

அபசகுனம் என்று அவர் விழுங்கப் பார்த்த அந்தச் செய்தியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தசை சுருங்கவும் அதுதான் வேண்டும். ஒவ்வொரு தசைச் செல்லுக்குள்ளும் கால்சியத்தைத் தேக்கிவைக்கும் அறைகள் உண்டு. நரம்பிலிருந்து உத்தரவு வந்தால் மதகு திறக்கும், கால்சியம் பாயும், தசை சுருங்கும். அப்புறம் மதகு மூடிக்கொள்ள, பாய்ந்ததையெல்லாம் பம்புகள் மறுபடி அறைக்குள் இறைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த மதகில் கோளாறு. பெரும்பாலும் ஆர்ஒய்ஆர்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம்; பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெளியே ஒன்றும் தெரியாது, நெல் மூட்டை தூக்குவார்கள். ஹாலோத்தேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களோ சக்சினைல்கோலின் ஊசியோ உள்ளே போனால் மதகு திறந்தபடியே நின்றுவிடலாம். தசை விறைக்கும். பம்புகள் ஓயாமல் இறைத்து இறைத்து உடம்பு கொதிக்கும். சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்தலாம். மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்று இதைச் சொல்கிறோம்.

நம் விவசாயிகளுக்கு இந்த மதகு புதிதல்ல. நெல்லில் குருத்துப்பூச்சிக்குப் போடும் குளோரான்ட்ரானிலிப்ரோல் என்ற பூச்சிமருந்து, பூச்சியின் தசையில் இதே மதகைத்தான் திறந்துவிடுகிறது. அதனால்தான் புழு செத்துவிழும் முன்பே தின்பதை நிறுத்துகிறது. மனிதரின் மதகு அந்த மருந்துக்கு அவ்வளவு எளிதில் திறக்காது.

இந்த நோய் மருத்துவ உலகுக்குத் தெரியவந்ததே ஒருவர் வாய்விட்டுச் சொன்னதால்தான். மெல்போர்னில் கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர், காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார். ஈதர் கொடுத்து அவர் உறவினர் 10 பேர் இறந்திருந்தார்கள். ஹாலோத்தேன் கொடுத்தபோது அவருக்கும் நிலைமை மோசமாகி, பிழைத்துக்கொண்டார். அதை 1960ல் டென்பரோ, லோவல் என்ற மருத்துவர்கள் எழுதினார்கள்.

மதகை மூட டான்ட்ரோலீன் என்ற மருந்து இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணையே 150 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் குப்பிகள் எட்டு. சிறிய மருத்துவமனைகளில் இது கையிருப்பில் இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. அதனால் முன்கூட்டியே தெரிவதுதான் பெரிய பாதுகாப்பு. முன்பு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்து எதுவும் ஆகவில்லையே என்றும் இருந்துவிடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது முறையிலும் வரலாம்.

சரி, அந்த இளைஞருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தோம். அந்த மருந்து இந்த மதகைத் தொடாது. லேப்ராஸ்கோப்பியை விட்டுவிட்டுத் திறந்த முறையிலேயே ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

விவரத்தை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். ஒரே மகள், கும்பகோணத்தில், அடுத்த மாதம் பிரசவம் என்றார். என் அறையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டோம்.