1987 ஜூலை 1: முகாமில் பிறந்தவர்கள் பார்க்க வேண்டிய தேதி

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து குடியுரிமை விஷயமாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நீங்க எங்கே, எப்போ பிறந்தீங்க?" அவர்களோ அப்பா அம்மா எந்த ஆண்டு படகேறினார்கள் என்பதில் தொடங்குவார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் பலருக்கு வழி திறப்பது பிறந்த தேதிதான்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர் என்றால் தாய், தந்தை இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள்: ஒருவர் மட்டும் குடிமக்கள் என்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அப்போதிலிருந்து அந்தக் கெடு தேதி வரை நான்கு ஆண்டுகள்கூட இல்லை. அதற்குள் இங்கே பிறந்த பலருக்குத் தாங்கள் இந்தியர்கள் என்பதே தெரியாது.

ஒரு அக்கா பிளாஸ்டிக் கவரில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தார். முகாம் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அடியில் எட்டாக மடித்த பிறப்புச் சான்றிதழ். மடிப்பில் மை தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது: 1985, ராமநாதபுரம். கூடவே அவர் கொடுத்துத் திரும்பிவந்த பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் நகல். நாட்டினம் என்ற இடத்தில் 'இலங்கை' என்று இருந்தது. "சின்னதிலேர்ந்து ஸ்கூல்ல அப்படித்தான் சார் எழுதச் சொன்னாங்க" என்றார். இலங்கையை அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்திருந்தால் நீங்கள் குடியுரிமையைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, இருப்பதை நிரூபித்தால் போதும். பழக்கத்தில் 'இலங்கை' என்று எழுதிவிட்டதால் பிறப்பால் வந்த உரிமை போய்விடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. பிறப்பு பதிவாகவில்லையா? மருத்துவமனைப் பதிவேடு, முகாம் பதிவு, பள்ளிச் சேர்க்கை விவரம் என்று கிடைப்பதைத் திரட்டிக்கொண்டு கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுக் கொடுங்கள். மூலச் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அந்த அக்காவின் மகன் பிறந்தது 2003இல். தாய் குடிமகள் என்றால் அவனும் குடிமகன்தான். அதைச் சொன்னதும் அழுதுவிட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ என் தம்பி சார்?" என்றார்.

தம்பி பிறந்தது 1987 ஆகஸ்ட். ஒரே மருத்துவமனை, ஒரே முகாம் வீடு, ஒரே பள்ளி. பேச்சிலும் பழக்கத்திலும் அவரை ராமநாதபுரத்துக்காரர் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பெற்றோர் இருவரும் இலங்கையர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மட்டுமே உண்டு, இலங்கை இல்லை. விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியிலும், அனுமதியின்றி வந்தவர்களின் பிள்ளை என்ற முத்திரை குறுக்கே நிற்கிறது. சில வாரம் பிந்திப் பிறந்ததற்காக ஒருவரை நாற்பது வயதை நெருங்கியும் அந்நியராக வைத்திருப்பது அநியாயம். இந்தச் சட்டம் மாற வேண்டும்.

அவருடைய மனுவைத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.