ஆறுமணிக் குருவி அறியாத சுவர்

போன ஒக்டோபரில் ஒரு விடியற்காலை, பால் வாங்கக் கீழே இறங்கிய என்னைக் காவலுக்கு நிற்கும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதன் கீழே, கால்மிதிக்குப் பக்கத்தில் ஒரு குருவி கிடந்தது. முதுகு பச்சை, இறக்கையில் ஒரு நீலத் துண்டு, கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடு, அடிவயிற்றின் முடிவில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. கத்தரித்து விட்டதுபோல் கட்டையாக இருந்தது.

"ஆறுமணிக் குருவிங்க மிஸ்," என்றார். அவருக்கு ஊர் அட்டன் பக்கம். "எங்க தோட்டத்துலயும் இந்த மாசந்தான் வரும். இங்க வந்து இப்பிடி விழுது. இது மூணாவது."

முந்திய இரண்டும் எங்கே என்று கேட்டேன். ஒன்றைக் காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மற்றதைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளியாயிற்று. ஆறரை மணிக்கு ஆட்கள் வேலைக்கு இறங்கும்போது தரை சுத்தமாக இருக்கும். நாலு வருடமாக அந்தக் கதவால் போய்வந்தும் எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது இதனால்தான்.

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூவுவதால் வந்த பெயர் ஆறுமணிக் குருவி. சிங்களத்தில் அவிச்சியா. மயிலின் தோகை முன்பு தன்னுடையது, மயில் களவெடுத்துவிட்டது என்று இது அழுவதாகச் சிங்களவரிடம் ஒரு கதை உண்டு. இமயமலை அடிவாரக் காடுகளிலும் இந்தியாவின் நடுப்பகுதி மலைகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். எடை 50, 60 கிராம்தான். கையில் வைத்தால் ஒரு கோழிமுட்டையின் பாரம். அந்தப் பாரம் இரவில் மட்டும் பறந்து, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் கடந்து, பாக்கு நீரிணையையும் தாண்டி வந்து எங்கள் கால்மிதிக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது.

ஏன் விழுகிறது? கண் தெரியாமலா? இல்லை, நிறம் அறிவதில் பறவையின் கண் நம் கண்ணையும் மிஞ்சியது. நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புக் கலங்கள் மூன்று வகை, பறவைகளுக்கு நாலு. பிழை கண்ணாடியில்தான் இருக்கிறது.

சாதாரண யன்னல் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கைத் திருப்பி அனுப்பும். முன்பக்கம் 4, பின்பக்கம் 4. மிச்சம் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். 8 பங்கு சொற்பம்தான், ஆனால் பகல் வெளிச்சத்தோடு பார்த்தால் அறையின் உள்பக்கம் இருட்டு. வெயிலின் 8 பங்கே உள்ளிருந்து வரும் மங்கல் ஒளியை அமுக்கிவிடும். காலி நகருக்குப் போகும் காலி வீதியில் பூட்டிக் கிடக்கும் ஒரு புடவைக்கடை முன்னால் மத்தியானம் நின்று பாருங்கள். தலை சீவலாம், பின்னால் பஸ் போவதும் தெரியும். இரவில் உள்ளே லைட் போட்டதும் அதே கண்ணாடியில் புடவை தெரியும், உங்கள் முகம் தெரியாது. ஒளி சாய்ந்து விழுந்தால் திரும்பும் பங்கு இன்னும் கூடும். வெயில் சூட்டைத் தடுக்கவென்று பூச்சுப் பூசிய கண்ணாடிகளில் அது பல மடங்கு. கொழும்பின் புதிய உயர்மாடிகள் வானத்தின் நிறத்தில் மின்னுவது அதனால்தான்.

எங்கள் முகப்புக்கு எதிரே ஒரு மாமரமும் நாலைந்து குரோட்டன் செடியும் நிற்கின்றன. காலையில் கண்ணாடிக்குள் இன்னொரு மாமரம், இன்னொரு குரோட்டன். போதாக்குறைக்கு உள்ளே வரவேற்பறையில் சாடிச் செடி வேறு. ஒரு பக்கம் பிரதிபலிப்பு, மறுபக்கம் ஊடுதெரிதல், இரண்டுமாகச் சேர்ந்து அங்கே ஒரு தோட்டத்தையே நட்டுவிடுகின்றன. ஆறுமணிக் குருவி தரையில் உதிர்ந்த இலைகளைக் கிளறிப் பூச்சி தின்னும் பிராணி. தாழப் பறந்து, நிழலான பற்றைக்குள் நுழைவது அதன் பழக்கம். கீழ்த்தளக் கண்ணாடிதான் அதற்கு எமன்.

நமக்கும் கண்ணாடி தெரிவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நாம் பார்ப்பது சட்டத்தை, கைப்பிடியை, விரல் அழுக்கை. அவற்றை வைத்து 'இங்கே ஒரு கதவு' என்று கணக்குப் போட்டுக்கொள்கிறோம். நன்றாகத் துடைத்த கதவாக இருந்தால் அந்தக் கணக்கும் தவறும். என் சித்தப்பா ஒரு வங்கி வாசலில் மூக்கை உடைத்துக்கொண்டு, மூன்று நாள் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சட்டமும் கைப்பிடியும் பறவைக்கு ஒன்றையும் குறிப்பதில்லை. காட்டில் கெட்டியான பொருள் எதுவும் ஊடுதெரியாது, மரத்தைக் காட்டும் பொருள் மரமாகத்தான் இருக்கும். இதற்கு மேல் இன்னொன்று: பெரும்பாலான பறவைகளுக்குக் கண் தலையின் பக்கவாட்டில். பின்னாலிருந்து வரும் எதிரியைப் பார்க்க அது வசதி. இரண்டு கண்ணும் சேர்ந்து நேர் முன்னால் பார்க்கும் பகுதியோ ஒடுக்கமானது.

மோதினால் என்ன ஆகும்? மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். உசைன் போல்ட் தன் உச்ச வேகத்தில் ஓடியது ஏறக்குறைய 44. அந்த ஓட்டத்தில் தலையைக் குனிந்து சுவரில் முட்டினால் எப்படி இருக்கும்? கழுத்து முறிந்து சாகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் கண்டது மூளைக்குள் இரத்தக் கசிவு. அதனால்தான் சில பறவைகள் எழும்பிப் பறந்து, நாம் 'தப்பிவிட்டது' என்று சந்தோசப்பட்ட பிறகு எங்கோ ஒரு பற்றைக்குள் போய்ச் சாகின்றன.

எங்கள் குருவிக்கு மூச்சு இருந்தது. அண்ணன் காவலறையிலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்துவந்தார். மூடியில் பேனையால் ஏழெட்டு ஓட்டை போட்டு, அடியில் ஒரு துணி விரித்து, அதற்குள் வைத்து மூடினோம். தண்ணீர் பருக்குவதும் தீன் திணிப்பதும் கூடாது. மயங்கிக் கிடக்கும் பறவைக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருட்டும் அமைதியும்தான் மருந்து. இரண்டு மணித்தியாலம் கழித்துக் கால்வாய்ப் பக்கம், கண்ணாடி இல்லாத ஓர் இடத்தில் மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு பறக்கக்கூட இல்லை, குதித்துக் குதித்துச் சருகுக்குள் போய்விட்டது. பெட்டிக்குள்ளேயே எழும்பாமல் கிடந்திருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைப்பதாக இருந்தேன்.

இதுவரை சொன்னது பாதிக் கதை. காட்டுக் குருவிக்கு வெள்ளவத்தையின் நடுவில் என்ன வேலை?

இரவில் பறக்கும் பறவைகள் நட்சத்திரம் பார்த்தும் திசை அறிகின்றன. 1960களில் ஸ்டீபன் எம்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குருவிகளைக் கோளரங்கத்துக்குள் வைத்து இதைக் காட்டினார். வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதைக் குஞ்சுப் பருவத்திலேயே படித்துக்கொள்கின்றன. அதோடு பூமியின் காந்தப்புலத்தை உணரும் திறனும் உண்டு. அதற்கு வெளிச்சம் தேவை. விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம் இதில் பங்கெடுக்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். தனிச் சிவப்பு வெளிச்சத்தில் கூண்டுப் பறவைகள் திசை தடுமாறியதைப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

ஒக்டோபர், நவம்பர் கொழும்பை நினைத்துப் பாருங்கள். பின்னேரமானால் இடி, மழை, தாழ்ந்த மேகம். மேகத்துக்கு மேலே நட்சத்திரம், கீழே நகரத்தின் லைட் எல்லாம் மேகத்தில் பட்டு மஞ்சளாகச் சிதறும். தாழப் பறக்க வேண்டி வரும் பறவை அந்த ஒளிக் குழம்புக்குள் மாட்டிச் சுற்றிச் சுற்றி வரும். நியூயோர்க்கில் செப்டெம்பர் 11 நினைவாக வானத்தை நோக்கிப் பாய்ச்சும் ஒளிக்கற்றைகளை ராடாரால் கவனித்த ஆய்வு 2017இல் வெளியானது. ஏழு இரவுகளில் 11 இலட்சம் பறவைகளின் போக்கை அந்த ஒளி மாற்றியிருந்தது. விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்து தன் வழியே போனது. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான்.

ஆக, பொறி இரண்டு படி. இரவில் விளக்கு நகரத்துக்குள் இழுக்கிறது. விடியும்போது களைத்த பறவை பச்சை தேடி இறங்குகிறது. நம் கண்ணாடி அதற்குப் பச்சையைக் காட்டுகிறது.

அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதிச் சாகும் பறவைகள் வருடத்துக்கு 36 கோடிக்கும் 99 கோடிக்கும் இடையில் என்று 2014இல் வந்த ஒரு கணிப்பு சொன்னது. இத்தனைக்கும் எந்தக் கொலைகாரனும் இல்லை. இலங்கையில் ஆறுமணிக் குருவியைத் துவக்கால் சுட்டால் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதே குருவி கண்ணாடியில் மோதினால் தும்புத்தடி இருக்கிறது. கட்டடக் கலைஞர் வெளிச்சம் வேண்டும் என்றார், வீடு வாங்கிய நாங்கள் பளபளப்பு வேண்டும் என்றோம். கொல்ல வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. வேட்டைக்காரன் குறைந்தபட்சம் அந்தப் பறவையைப் பார்த்தாவது இருப்பான்.

சரி, தீர்வு? பருந்துப் படம் ஒட்டினால் பயந்து போகும் என்பார்கள். போகாது. அசையாத பருந்தைப் பறவை பருந்தாக எடுப்பதில்லை. அந்தப் படம் இருக்கும் இடத்தை மட்டும் விலகிப் பக்கத்துக் கண்ணாடியில் மோதும். அந்த விலகலில்தான் விசயமே இருக்கிறது: தன் உடம்பு நுழைய முடியாத இடைவெளி என்று பட்டால் பறவை திரும்பிவிடும். அதனால் கண்ணாடி முழுக்க 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளியோ கோடோ வேண்டும். அதுவும் வெளிப்பக்கத்தில். உள்பக்கம் வைத்தால் வெளியே விழும் மாமரத்தின் பிம்பம் புள்ளியை மறைத்துவிடும். சிக்காகோவில் ஏரிக்கரையில் உள்ள ஒரு பெரிய மாநாட்டு மண்டபத்தில் 2023 ஒக்டோபர் 5ஆம் திகதி ஒரே நாளில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் செத்து விழுந்தன. அடுத்த வருடம் அதன் கண்ணாடிகளில் புள்ளி போட்ட தாள் ஒட்டினார்கள். சாவு 95 வீதமளவுக்குக் குறைந்தது.

எங்கள் தொடர்மாடிக் குழுவில் இதைச் சொன்னபோது, இவ்வளவு காசு போட்டுக் கட்டிய முகப்பைப் புள்ளி வைத்து அசிங்கப்படுத்துவதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் சபையும் நினைத்தது. நாலாம் மாடி மாமிதான், "புள்ளிதானே, நான் வைக்கிறன்," என்றார். மூன்று விரல் அகலம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். அவருக்கு அளவுகோல்கூடத் தேவைப்படவில்லை. இரண்டு மீற்றருக்கு ஒன்றரை மீற்றர் கண்ணாடி ஒன்றுக்கு 1200 புள்ளி. வெள்ளைப் பெயின்ற், பஞ்சுக் குச்சி, இரண்டு பின்னேரம், இரண்டு கண்ணாடி. மாமரத்தை நோக்கி மேலே அடிக்கும் அலங்கார லைட்டை இரவு பத்துக்கு அணைப்பது பற்றிக் குழு இன்னும் யோசிக்கிறது. அண்ணன் சப்பாத்துப் பெட்டியை எறியாமல் மேசைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்த மாமிக்கு முகம் சரியில்லை. புள்ளியை வைத்துவிட்டு இழை போடாமல் விடுவது மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறதாம். இழை போட்டாலும் குருவிக்கு நல்லதுதான் என்றேன்.

"அப்ப தைப்பொங்கல் வரட்டும்," என்றார்.