லிஸ்ட்டில் பேர் இருந்தால் தண்டனை கூடுமா?

"தம்பி, பையன் மேல ஒன்பது கேஸு. ஜட்ஜ் எல்லாத்தையும் ஒண்ணா சேத்து வச்சுத் தீட்டிடுவாரா?"

ஜார்ஜ் டவுன் கோர்ட் வாசலில் கொருக்குப்பேட்டைக்கார அக்கா ஒருவர் கேட்டது. மஞ்சப்பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எஃப்.ஐ.ஆர். நகல்கள், ஜாமீன் உத்தரவுகள், நாலாக மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு ஃபைன் ரசீது. "ஸ்டேஷன்ல ஏ கேட்டகரினு எழுதி வச்சிருக்காங்களாம்" என்றார், குரலைத் தாழ்த்தி.

நான் கேட்டது ஒன்றுதான். ஒன்பதில் எத்தனையில் தண்டனை ஆச்சு? அவருக்குக் கேள்வியே புதிது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் 'பழைய குற்றவாளி' என்ற சொல்லை எல்லோரும் ஒரே பொருளில்தான் புழங்குகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மூன்று தனித்தனி ஏடுகள் இருக்கின்றன. ஒன்றை எழுதுவது போலீஸ், இன்னொன்றை எழுதுவது கமிஷனரும் அரசும், மூன்றாவதைத்தான் கோர்ட் எழுதுகிறது.

ஏ பிளஸ், ஏ, பி, சி என்பதெல்லாம் போலீஸ் ஏடு. சரித்திரப் பதிவேடு, ரவுடி பட்டியல் எல்லாம் ஸ்டேஷன் கண்காணிப்புக்காகத் திறப்பவை. தேர்தல் வந்தால், திருவிழா வந்தால், ஏரியாவில் ஒரு வெட்டு விழுந்தால், ராத்திரி கதவைத் தட்டுவது இந்த ஏட்டைப் பார்த்துத்தான். இது போலீஸின் உள் ஆவணம், பொதுவெளியில் போடுவதற்கல்ல என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு டெல்லி வழக்கில் சொன்னது. பின்தங்கிய சமூகத்து அப்பாவிகளின் பெயர்கள் இதில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கப்படக் கூடாது என்றும் எச்சரித்தது. பெயரை நீக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், பலர் போகிறார்கள். ஆனால் தண்டனை எழுதும் நேரத்தில் 'ஏ பிளஸ்' என்பதற்கு எந்தச் சட்டப் பிரிவும் கூடுதலாக ஒரு நாள்கூடத் தரவில்லை.

அதே ஏட்டை வைத்துத்தான் '110' போடுவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129-ஆம் பிரிவு, ஆனாலும் நம்ம பக்கம் வாயில் 110தான் வருகிறது. மூன்று வருடம் வரை ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் நன்னடத்தைப் பிணை. மீறியதாக முடிவானால் மிச்சக் காலம் உள்ளே இருக்க வேண்டிவரும். அதனால் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாமல், யார் முன்னால் போடுகிறோம் என்று பாருங்கள். சென்னையில் துணை ஆணையர்களுக்கு இந்த அதிகாரம் கொடுத்திருந்த அரசாணைகளை 2023-ல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு வந்த இந்தச் சுரக்ஷா சன்ஹிதாவோ எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியைச் சிறப்பு நிர்வாக நடுவராக நியமிக்க வழி வைத்திருக்கிறது. எந்த உத்தரவின் பேரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று வக்கீல் கேட்கலாம்.

இரண்டாவது ஏடு குண்டாஸ், 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. இது தண்டனையே இல்லை, தடுப்புக்காவல். விசாரணை கிடையாது, அதிகபட்சம் 12 மாதம். காரணங்களை 5 நாளுக்குள் கையில் கொடுக்க வேண்டும். கமிஷனர் போட்ட உத்தரவுக்கு 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்தில், காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும், ஏழு வாரத்துக்குள் குழுமம் கருத்துச் சொல்ல வேண்டும். புழலில் இருப்பவர் கைக்கு ஒரு தடித்த புத்தகமாக இந்தக் காகிதங்கள் வரும். வாசிக்க முடியாத நகல், தமிழாக்கம் இல்லாத பக்கம், மனுவைப் பரிசீலிக்காமல் இழுத்த நாட்கள்: குண்டாஸ் உடைவது பெரும்பாலும் இந்த மாதிரி ஓட்டைகளில்தான். ஆகவே புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். குண்டாஸில் இருந்ததை எந்தக் கோர்ட்டும் முன் தண்டனையாக எண்ண முடியாது.

இனி கோர்ட் ஏடு. இதில் ஏறுவது குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் கேஸ் ஏறாது, விடுதலையான கேஸ் ஏறாது. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் முடிந்த கேஸும் பொதுவாக ஒட்டிக்கொள்ளாது. பதினாறு வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்து பெரியவராக விசாரிக்கப்பட்டால் மட்டும் கதை வேறு.

இதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. முன்பு தண்டனை பெற்றவர் என்பதைக் காட்டித் தண்டனையைக் கூட்ட வேண்டுமென்றால், அந்தத் தீர்ப்பின் தேதியும் இடமும் குற்றச்சாட்டில் இருக்க வேண்டும். ஆனால் விசாரணை நடக்கும்போது அந்தப் பகுதியை வாசித்துக் காட்டக் கூடாது. இப்போதைய கேஸில் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகுதான் நீதிபதி பழையதைக் கையில் எடுக்கலாம். 'இவன் ஏற்கெனவே திருடியவன்தானே' என்ற நினைப்பு இன்றைய சாட்சியத்தின் மேல் நிழலாக விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அப்போதும் வாய்வார்த்தை போதாது. மறுத்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலோ சிறைச் சான்றோ வர வேண்டும், அந்த ஆள் இவர்தான் என்றும் நிரூபிக்க வேண்டும். ஒரே பேரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

எவ்வளவு கூடும்? இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 13-ஆம் பிரிவு, கள்ள நோட்டு, நாணய வகைக் குற்றங்களுக்கும் சொத்துக் குற்றங்களுக்கும் மட்டும். மூன்று வருடமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய அப்படியொரு குற்றத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் மீண்டும் அப்படியே சிக்கினால், பத்து வருடம் வரை அல்லது ஆயுள். அடிதடிக்கு இந்தப் பிரிவு வராது, செல்போன் பறிப்புக்கு வரும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சாதாரணத் திருட்டில் இரண்டாவது முறை என்றால் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் கடுங்காவல். பழைய இ.பி.கோ. தண்டனையை இதில் சேர்க்கலாமா என்று வாதாட இடம் இருக்கிறது, 'இந்தப் பிரிவின் கீழ்' என்ற சொற்களை வக்கீல் விடாமல் பிடிக்கட்டும். கஞ்சா மாதிரிப் போதைப் பொருள் கேஸில் மறுபடி தண்டனை என்றால் உச்சவரம்பு ஒன்றரை மடங்காகிறது.

கேஸ் எண்ணிக்கை கடிக்கிற இடமும் உண்டு, அது ஜாமீன். முன் வழக்குகளை நீதிபதி பார்ப்பார். அதிகபட்சத் தண்டனையில் பாதியை ரிமாண்டிலேயே கழித்தவரை ஜாமீனில் விடச் சொல்லும் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, இதுவரை எதிலுமே தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிறது. மரண தண்டனையோ ஆயுளோ வரக்கூடிய குற்றங்களுக்கு இது இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கேஸ் நிலுவையில் இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது.

தீர்ப்புக்குப் பிறகு தண்டனை பற்றித் தனியாகக் கேட்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஹார்பரில் லோடு ஏற்றும் வேலைக்கான சீட்டு, குழந்தையின் பள்ளிச் சான்று, அம்மாவின் டயாலிசிஸ் காகிதம், எது இருந்தாலும் கொடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100.

அக்காவின் கணக்குக்கு வருவோம். ஒன்பதில் ஆறு ஓடுகிறது, இரண்டு விடுதலை. மிச்சம் ஒன்று?

அந்தக் கிழிந்த ரசீதைக் காட்டினார். "இதுவா? இது ஒண்ணுமில்ல தம்பி. சின்னத் திருட்டுக் கேஸு. ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னாங்க. ஐந்நூறு ரூவா கட்டுனோம்."

ஒன்பதில் கோர்ட் எண்ணப்போகும் ஒரே கேஸ் அதுதான். அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு எழுதி, ரசீதின் கிழிந்த மடிப்பில் டேப் ஒட்டிக் கொடுத்தேன்.