எம்டன் மோதி நின்ற வளையம்

யாராவது படு சாமர்த்தியசாலியாகவோ ஆளை மிரட்டுகிறவராகவோ இருந்தால் "அவன் சரியான எம்டன்" என்று சொல்வது தமிழ்நாட்டில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே வந்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அதன் பிறகு அந்தக் கப்பல் ஏழு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நவம்பர் 9-ஆம் தேதி, கோகோஸ் (கீலிங்) தீவுகளில் ஒரு பவளத்திட்டின் மேல் ஏறி அதன் ஓட்டம் முடிந்தது.

ஜாவாவுக்குத் தென்மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து சுமார் 2,750 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் நடுவே கிடக்கிறது இந்தத் தீவுக்கூட்டம். எம்டன் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிகள் அங்கிருந்த டைரக்‌ஷன் தீவில் சந்தித்தன. கம்பியை வெட்ட ஆட்கள் இறங்கினார்கள். அதற்குள் தந்தி நிலையத்தார் வானொலியில் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது. சண்டையில் கப்பல் சல்லடையானதும், இனி மிதக்காது என்று தெரிந்த தளபதி கார்ல் ஃபான் முல்லர், அதை வடக்கு கீலிங் தீவின் திட்டின் மேல் வேண்டுமென்றே ஓட்டி ஏற்றினார். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஜெர்மானிய மாலுமிகள் அன்று இறந்தார்கள்.

அந்தத் திட்டு அவ்விடத்தில் இல்லாதிருந்தால் கப்பல் நேராக ஆழ்கடலுக்குப் போயிருக்கும். ஆழம் என்றால் சாதாரண ஆழம் இல்லை. 1836 ஏப்ரலில் பீகிள் கப்பல் இங்கே வந்தபோது, கேப்டன் ஃபிட்ஸ்ராய் கரையிலிருந்து இரண்டே கிலோமீட்டர் தூரத்தில் 7,200 அடி நீளக் கயிற்றை இறக்கிப் பார்த்தார். அடி தட்டவில்லை. கரையில் முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கடலுக்கடியில் ஒரு செங்குத்தான மலை நிற்கிறது, அதன் உச்சியில் மட்டும் ஒரு வெள்ளை வளையம். இதை எது கட்டியது?

அந்தக் கப்பலில் இருந்த 27 வயது இளைஞர் சார்ல்ஸ் டார்வின் அந்தக் கேள்வியோடுதான் வந்திருந்தார். பவளம் என்பது கல் இல்லை. சுண்ணாம்புக் கூடு கட்டி வாழும் சின்னஞ்சிறு உயிரினங்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் பாசிகள் வெயிலை வைத்து உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. அதனால் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் திட்டு கட்டும் பவளம் வளராது. பாசியின் பங்கு டார்வினுக்குத் தெரியாது, ஆனால் ஆழத்தின் எல்லையைக் கப்பலில் செய்த எளிய சோதனை காட்டிக்கொடுத்தது. ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கடலில் இறக்கினார்கள். சுமார் 18 மீட்டர் ஆழம்வரை, கொழுப்பில் உயிருள்ள பவளத்தின் தடம் பதிந்து, மணல் ஒட்டாமல் சுத்தமாக மேலே வந்தது. ஆழம் கூடக்கூடத் தடம் குறைந்து மணல் ஒட்டியது. கடைசியில் வெறும் மணல்தான். ஒரு குண்டும் கொஞ்சம் கொழுப்பும் வைத்துக்கொண்டு இவ்வளவு தெரிந்துகொண்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

சரி, பவளம் ஆழத்தில் வளராது. மலையோ இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திலிருந்து எழுகிறது. டார்வின் சொன்ன விடை: அடித்தளம் கீழே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் கடலுக்கு மேல் ஓர் எரிமலைத் தீவு. அதன் கரையோரமாகப் பவளம் ஒட்டி வளர்கிறது. எரிமலை அணைந்து, குளிர்ந்து, தன் கனத்தாலும் கீழுள்ள தரை தாழ்வதாலும் மெல்ல மெல்ல மூழ்குகிறது. பவளமோ வெளிச்சத்தை விட்டுவிடக்கூடாதென்று முன்னோர் கூட்டின் மேல் கூடு கட்டி உயர்ந்துகொண்டே போகிறது. மலைக்கும் பவளத்துக்கும் நடுவே தண்ணீர் புகுகிறது. ஒருநாள் மலையுச்சியும் மறைந்துபோகிறது, வளையம் மட்டும் மிஞ்சுகிறது. அலை மோதும் வெளிப்புறத்தில் உணவும் உயிர்வளியும் தாராளம் என்பதால் பவளம் அங்கே நன்றாக வளர்கிறது. உள்ளே தேங்கிய காயலில் மணலும் சேறும் படிந்து வளர்ச்சி மந்தமாகிறது.

இதை நிரூபிக்கத் துளை போட்டுப் பார்க்க வேண்டும். இரட்டைக் கோடீசுவரர் யாராவது பவளத் தீவுகளில் துளையிட்டுக் காட்ட மாட்டாரா என்று 1881-இல் டார்வின் ஒரு கடிதத்தில் ஏங்கியிருக்கிறார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். 1952-இல் பசிபிக்கில் எனிவெடாக் வளையத்தில் அமெரிக்கர்கள் துளையிட்டபோது, சுமார் 1,400 மீட்டர் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே எரிமலைப் பாறை வந்தது. டார்வினின் ஊகம் சரிதான்.

ஆனால் கதை அவ்வளவோடு முடியவில்லை. பனியுகங்களில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. அப்போது இந்தத் திட்டுகள் உலர்ந்த சுண்ணாம்பு மேடுகளாக வெளியே நின்றன. மழைநீர் அவற்றைக் கரைத்துக் குழிவாக்கியது. இன்றைய வளைய வடிவத்தில் அந்தக் கரைதலுக்கும் பங்குண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். கோகோஸில் துளையிட்டபோது, இன்றைய பவளத்துக்குக் கீழே ஏறக்குறைய பத்து மீட்டர் ஆழத்திலேயே ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய திட்டு தட்டுப்பட்டது. பழைய வீட்டின் மேல் கட்டிய மாடி போலத்தான் இப்போதைய திட்டு. அதன் மேல் கிடக்கும் தீவுகள் இன்னும் இளையவை: கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில் அலை ஒதுக்கிய பவளத் துண்டும், சிப்பித் தூளும், கிளிமீன்கள் பவளத்தைக் கடித்துத் தின்று கழித்த மணலும் சேர்ந்து உண்டானவை. மொத்தம் 27 தீவுகள், எல்லாம் சேர்த்து 14 சதுர கிலோமீட்டர்தான். பெரும்பாலான இடங்களில் தரை கடலைவிடச் சில மீட்டரே உயரம்.

ஆறு இல்லை, ஏரி இல்லை, மலை இல்லை. அப்படியானால் மனிதர் எப்படிக் குடியிருக்கிறார்கள்?

கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது. கடல் ஏறும்போது கிணற்றுநீரும் ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. ஆனாலும் உப்புக் கரிப்பதில்லை. டார்வின் இதையும் கவனித்தார். தீவின் மணலும் பவளப்பாறையும் பஞ்சுபோல் கடல்நீரை உறிஞ்சி வைத்திருக்கின்றன, மேலே விழும் மழைநீர் அதன்மேல் தேங்கி நிற்கிறது என்று அவர் எழுதினார். அதுதான் உண்மை. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அங்குலம் நன்னீர் நின்றால், அதைத் தாங்க மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அங்குலம் நன்னீர் இருக்க வேண்டும். பனிக்கட்டியின் பெரும்பகுதி தண்ணீருக்குள் மூழ்கியிருப்பது போல. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் கண்ணாடி வில்லை வடிவில் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள். நன்னீருக்கும் உப்புநீருக்கும் நடுவே கோடு போட்டாற்போல் எல்லை கிடையாது. இரண்டும் கலந்த நீர்ப் பகுதி ஒன்று இருப்பதால் குடிக்கத்தக்க தண்ணீர் அந்தக் கணக்கைவிடக் குறைவு.

இந்தக் கணக்குக்கு மறுபக்கம் உண்டு. ஓர் அங்குலம் மேலே குறைந்தால் நாற்பது அங்குலம் கீழிருந்து உப்பு ஏறி வரும். ஆழமான ஒற்றைக் கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்தால், அதன் நேர்கீழே உப்புநீர் கூம்பாக எழும்பிக் கிணறே கெட்டுவிடும். அதனால் கோகோஸில் ஓட்டையிட்ட குழாய்களை நீர்மட்டத்தை ஒட்டிப் படுக்கைவசமாகப் புதைத்து, வில்லையின் மேல்தோலை மட்டும் நிதானமாக உரிப்பதுபோல் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, ஆனால் அதில் தென்னைகள் ஒரு பங்கைக் குடித்துவிடுகின்றன. அவற்றின் வேர் நேராக வில்லையையே தொடுகிறது.

அந்தத் தென்னைகள்தான் மனிதரையும் இங்கே கொண்டுவந்தன. கேப்டன் வில்லியம் கீலிங் 1609-இல் இந்தத் தீவுகளைப் பார்த்ததாகச் சொல்வார்கள். 1826 வரை யாரும் குடியேறவில்லை. அந்த ஆண்டு அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேயர், மலாய் உலகின் பல மூலைகளிலிருந்து அடிமைகளாகப் பிடித்த மக்களோடு வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிளூனீஸ்-ராஸ் குடும்பத்தோடு வந்தார். ஹேர் வெளியேறினார்; ராஸ் குடும்பம் ஐந்து தலைமுறை ஆண்டது. கொப்பரைதான் தொழில். கூலி, அந்தக் குடும்பமே பணத்துக்குப் பதிலாக வெளியிட்ட காசு வில்லைகளில். செலவழிக்க முடிந்ததும் அவர்கள் கடையில் மட்டும். 1886-இல் விக்டோரியா அரசி நிலம் முழுவதையும் அவர்களுக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்தார். அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு ஒரு கைப்பிடி நிலம்கூடச் சொந்தமில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஆட்சி பல கை மாறியது. 1857-இல் பிரிட்டன், 1878-இல் இலங்கை ஆளுநர், 1886-இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள். இரண்டாம் உலகப் போரில் மீண்டும் இலங்கையின் பொறுப்பு. 1942 மே மாதம் இங்குள்ள ஹார்ஸ்பரோ தீவில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் சிலர், வெள்ளை அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். அது அடக்கப்பட்டது. தலைவர் கிராஷியன் பெர்னாண்டோ உட்பட மூவர் தூக்கிலிடப்பட்டனர்.

1955-இல் தீவுகள் ஆஸ்திரேலியாவின் கைக்கு வந்தன. 1978-இல் ஆஸ்திரேலிய அரசு 62.5 லட்சம் டாலர் கொடுத்து, ராஸ் குடும்பத்தின் மாளிகையைத் தவிர ஏறக்குறைய எல்லா நிலத்தையும் வாங்கியது. 1984 ஏப்ரல் 6 அன்று ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்காளர் 261 பேர். ஆஸ்திரேலியாவோடு முழுமையாக இணைய 229 வாக்கு, தளர்வான கூட்டுறவுக்கு 21, தனிநாட்டுக்கு 9. ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும் ஆட்கள் தங்கள் நாட்டைத் தீர்மானித்தார்கள்.

இன்று இங்கே 600 பேர் அளவில் வாழ்கிறார்கள், இரண்டே தீவுகளில். ஹோம் தீவில் கோகோஸ் மலாய் மக்கள்: பெரும்பாலும் சுன்னி முஸ்லிம்கள், தங்களுக்கென ஒரு மலாய் வழக்கு பேசுகிறவர்கள், நோன்புப் பெருநாளைக் கொண்டாடி ஜுகோங் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள். காயலின் எதிர்க்கரையில் மேற்குத் தீவு: விமான நிலையம், அலுவலகங்கள், பெரும்பாலும் பெருநிலத்திலிருந்து வந்த ஆட்கள். நடுவே படகு ஓடுகிறது.

அரசமைப்பு கொஞ்சம் சிக்கலானது. கான்பெராவிலிருந்து நியமிக்கப்படும் நிர்வாகி, கிறிஸ்துமஸ் தீவுக்கும் அவரே. 1992 முதல் மேற்கு ஆஸ்திரேலியச் சட்டங்கள் இங்கே செல்லும்; பள்ளிப் பாடத்திட்டமும் அங்கிருந்துதான். ஆனால் அந்தச் சட்டங்களை இயற்றும் மாநில மன்றத்துக்கு இவர்கள் வாக்களிக்க முடியாது. கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும்போதோ, வட ஆட்புலத்தின் (நார்தர்ன் டெரிட்டரி) லிங்கியாரி தொகுதியில் சேர்க்கப்படுகிறார்கள். தங்களுக்கென்று மட்டும் அவர்கள் தேர்ந்தெடுப்பது உள்ளூர் மன்றம் ஒன்றைத்தான். 2001-இல் குடிவரவு விதிகளுக்காக இந்தத் தீவுகள் ஆஸ்திரேலியக் குடியேற்ற எல்லையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன. 2012-இல் இலங்கையிலிருந்து படகேறி இங்கே கரை தொட்ட பலரால், ஆஸ்திரேலிய மண்ணில் நின்றும் பெருநிலத்தில் வந்து இறங்கியவருக்குரிய உரிமையோடு புகலிடம் கேட்க முடியவில்லை.

இப்போது கடல் உயர்கிறது. ஹோம் தீவின் தாழ்ந்த கரையில் வீடுகளைக் காக்கத் தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இப்படிப்பட்ட தீவு உயர்வதற்கு வேறு வழி இல்லை: பெரிய அலை கரை தாண்டி மணலை மேலே வீச வேண்டும். சுவர் அலையைத் தடுத்தால் மணலும் நின்றுபோகும். சுவர் இல்லையென்றால் மணலோடு கடல்நீரும் முற்றத்துக்கு வரும், தரைக்குள் இறங்கி வில்லையில் கலக்கும். அதை மறுபடி மழை கழுவித் தெளிய வைக்கப் பல மாதங்கள் ஆகும்.