சத்தம் போடாத வால்வுதான் ஆபத்து

இன்ஜினின் தலைப்பகுதியில் டக் டக் என்று டாப்பெட் சத்தம் கேட்டால் பலரும் பதறுகிறார்கள். சுழன்று வால்வை அழுத்தித் திறக்கும் கேமுக்கும், வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் சிறு கிண்ணமான பக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் இடைவெளி குறைந்துபோன வால்வு சத்தமே போடாது, உள்ளுக்குள் எரிந்துகொண்டிருக்கும்.

சூடேறும்போது வால்வின் தண்டு நீளும். அதற்கு இடம் இல்லையென்றால் வால்வு முழுசாக மூடாது. எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) வழியாகத்தான் இன்ஜின் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சீட்டில் சரியாக உட்காராவிட்டால் அந்த வழி அடைபடும். இடுக்கில் கசியும் சூடான வாயு விளிம்பை அரித்துவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி பொதுவாகக் கூடுதலாக வைப்பது இதனால்தான். சீட் தேயத் தேய வால்வு மேலேறி கேமை நெருங்கும், அதனால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) வைத்த இன்ஜின்களில் இடைவெளி பெரும்பாலும் குறைந்துகொண்டே போகும்.

இன்ஜின் நன்றாக ஆறியபின், கேமின் மூக்கு (துருத்திய பகுதி) பக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி, ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) இடைவெளியில் செருகிப் பார்க்க வேண்டும். 0.12 மி.மீ. தகடு லேசான பிடிப்போடு போகிறது, 0.13 போகவில்லை என்றால் இடைவெளி 0.12.

மேனுவல் 0.20 முதல் 0.30 வரை கேட்கிறது என்று வைப்போம். நடு அளவு 0.25. பழைய ஷிம்மின் தடிமன் 2.60. அதோடு அளந்த 0.12-ஐக் கூட்டி 0.25-ஐக் கழித்தால் 2.47. கையில் இருப்பவை 2.45, 2.50 மட்டும். 2.50 போட்டால் 0.22 வரும், 2.45 போட்டால் 0.27. நான் 2.45-ஐத்தான் எடுப்பேன், இனி குறையத்தானே போகிறது! ஷிம்மின் மேல் பொறித்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள், தேய்ந்திருக்கலாம். மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள்.

ஷிம் பக்கெட்டுக்கு அடியில் இருந்தால் கேம்கள் உள்ள தண்டான கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் கேப்களின் போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் விட்டால், வால்வு ஸ்பிரிங் தள்ளும் வேகத்தில் கேப் உடையலாம். புது கேம்ஷாஃப்ட் போடுகிறீர்களா? அதன் அடிவட்டம் (கேமில் மூக்கு தவிர்த்த வட்டப் பகுதி) துளி மாறியிருந்தாலும் பழைய கணக்கு செல்லாது, எல்லா வால்வையும் புதிதாக அளக்க வேண்டும்.

மாட்டியபின், பிஸ்டன்களோடு இணைந்த தண்டான கிராங்கைக் கையால் சில சுற்றுகள் சுற்றி, ஷிம் அமர்ந்தபின் மறுபடி அளவெடுங்கள். சுற்றும்போது எங்காவது தடுத்தால் வலுவாகத் திருப்பவே கூடாது. டைமிங் (கேமும் கிராங்கும் ஒத்துச் சுழலும் பொருத்தம்) தவறி வால்வு பிஸ்டனில் முட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியே நிறுத்திவிட்டு முதலில் டைமிங் குறிகளைச் சரிபாருங்கள்.